பந்தலில் எழுதிய பெயர்

திருவையாற்றிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில், திருப்பழனத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் திங்களூர் வரும். கைலாசநாதரும் பெரியநாயகி அம்மையும் அருள்பாலிக்கும் இத்தலத்தை நவக்கிரகத் தலங்களுள் சந்திரனுக்கு உரியதாகப் போற்றுகிறார்கள். மனத்துக்கும் தாய்க்கும் காரகன் சந்திரன் என்பது சோதிட மரபு. ஆகவே மன அமைதி வேண்டுவோரும், நோயுற்ற அன்னைக்காக வேண்டிக்கொள்வோரும் திங்கட்கிழமைகளில் இங்கு வந்து சந்திர பகவானுக்கு வெண்மலர் சாத்தி வழிபடுகிறார்கள்.

அதே கோயிலுக்குள் ஒரு குடும்பமே சிலை வடிவில் கைகூப்பி நிற்கிறது. அப்பூதியடிகளும் அவர் மனைவியாரும் இரு மைந்தரும் அவர்கள். அறுபத்து மூவருள் ஒருவராக வைத்து எண்ணப்படும் அந்த நாயனார் காடேகித் தவம் செய்தவரல்லர், போர் புரிந்தவரல்லர், அரசர் அவையில் வாது வென்றவரும் அல்லர். மனைவி மக்களோடு வீட்டில் வாழ்ந்தார். வழிப்போக்கருக்குத் தண்ணீர் கொடுத்தார். அதுவே அவருடைய தொண்டு. வீட்டு வாழ்க்கை, உடலின் நோய், ஊராருக்குச் செய்யும் நீதி ஆகிய மூன்றும் பக்தியோடு எங்கே சேர்கின்றன என்று கேட்பவருக்கு, இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் விடை இருக்கிறது.

தன் பெயர் எழுதாத பந்தல்

கி.பி. ஏழாம் நூற்றாண்டு. திருப்பழனத்து ஈசனை வணங்கிவிட்டுத் திங்களூர் வழியே நடந்து வந்தார் திருநாவுக்கரசர். சாலையோரத்தில் பெரியதொரு தண்ணீர்ப்பந்தல். நிழல் குளிர்ந்திருந்தது, நீர் குளிர்ந்திருந்தது. பந்தலின் எல்லாப் பக்கங்களிலும் 'திருநாவுக்கரசு' என்ற பெயர் எழுதப்பட்டிருந்தது. வியப்புற்ற நாவுக்கரசர், இதை இப்பெயரால் அமைத்தவர் யார் என்று அங்கிருந்தவர்களைக் கேட்டார். இந்தப் பந்தல் மட்டுமன்று, இவ்வூரின் சாலைகளும் குளங்களும் சோலைகளும்கூட அப்பூதியடிகள் அப்பெயரால் அமைத்தவையே என்று அவர்கள் கூறினார்கள்.

அப்பூதியார் அந்தணர்; நாவுக்கரசர் வேளாளர். இருவரும் அதுவரை ஒருவரை ஒருவர் கண்டதில்லை. அடியவரின் பெருமையைக் காதால் கேட்ட அளவிலேயே, அப்பூதியார் தம் மைந்தர் இருவருக்கும் அவர் பெயரைச் சூட்டினார். மூத்த பிள்ளை மூத்த திருநாவுக்கரசு. அடுத்தவன் இளைய திருநாவுக்கரசு. வீட்டிலிருந்த பசுவும் எருமையும் முகத்தலளவையும் நிறைகோலும்கூட அதே பெயர் பெற்றன என்று பெரியபுராணத்தில் பாடுகிறார் சேக்கிழார்.

படியும் தராசும் அடியவர் பெயர் பெற்றன என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். 'திருநாவுக்கரசு' என்று பெயரிட்ட படியால் ஒருவர் எவ்வாறு குறைத்து அளப்பார்? அப்பெயர் கொண்ட தராசில் எவ்வாறு எடை குறைப்பார்? கூலிக்கு வந்த உழவனுக்கு நெல் அளக்கும்போதும், கடன் கேட்டு வந்த அயல்வீட்டாருக்கு அரிசி அளக்கும்போதும் அந்தப் பெயர் கையில் இருக்கிறது. பூசையறையில் ஒலித்த நாமத்தை அப்பூதியார் களத்துமேட்டுக்கும் கொண்டு சென்றார். நீதி என்னும் பெரிய சொல் அவர் இல்லத்தில் ஒரு மரக்காலின் விளிம்பில் குடியிருந்தது.

இக்காலத்தில் கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு அளித்தால், விளக்கின் வெளிச்சம் மறையும் அளவுக்கு 'உபயம்' எழுதப்படுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். அப்பூதியாரும் உபயம் எழுதினார். ஆனால் தம் பெயரை எழுதவில்லை. அதுவும், தம்மைவிடத் தாழ்ந்த குலம் என்று அன்றைய உலகம் கருதிய ஒருவரின் பெயரை, ஊரார் அனைவரும் காணும்படி எழுதினார்.

நோயைச் சொல்லி அறிமுகம்

நாவுக்கரசர் அவர் இல்லம் சென்றார். வந்தவர் இன்னார் என்று அறியாமலேயே அப்பூதியார் வணங்கி வரவேற்றார். உம்முடைய பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று வந்தவர் கேட்டதும், அந்தச் சாந்த குணத்தவருக்குச் சினம் மூண்டது. கல்லில் கட்டிக் கடலில் இட்டபோதும் ஐந்தெழுத்தையே தெப்பமாகக் கொண்டு கரையேறிய பெருமானை 'வேறொருவர்' என்பதா, நீர் யார் என்று சீறினார்.

நாவுக்கரசர் அதற்கு விடையளித்த முறைதான் இவ்வரலாற்றின் உயிர். 'கடலில் மிதந்தவன் நானே' என்று அவர் சொல்லவில்லை. நீற்றறையையும் யானையையும் நஞ்சையும் வென்ற கதை எதையும் எடுத்துரைக்கவில்லை. பிற நெறியில் நின்று, சூலை நோயால் ஆட்கொள்ளப்பெற்றுப் பிழைத்த எளியவன் நான் என்ற கருத்தில் விடை கூறினார். தம் வெற்றிகளை விட்டு, தம் நோயைச் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்திக் கொண்டார்.

முதுமையில் நோயை ஒரு தாழ்வாக எண்ணி மறைப்பவர்கள் உண்டு. 'முற்பிறவியில் என்ன பாவம் செய்தேனோ' என்று இரவெல்லாம் புலம்புவோரும் உண்டு. நோயாளியின் காதுபடவே அப்படிப் பேசும் உறவினரும் உண்டு. நாவுக்கரசரோ தம் நோயைத் தண்டனை என்று கொள்ளவில்லை. இறைவன் தம்மைத் தேடி வந்த வழி என்று கொண்டார். அந்த வழி ஒரு வீட்டின் வாசலில் தொடங்கியது.

அக்காள் காத்த வீடு

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த மக்கள் இருவர். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசியிருந்தார்கள். மணநாளுக்கு முன்பே புகழனார் நோயுற்று மறைந்தார். மாதினியாரும் கணவரைப் பின்தொடர்ந்தார். துயரம் ஆறுமுன் போர்க்களத்திலிருந்து கலிப்பகையாரின் மறைவுச் செய்தியும் வந்தது. உயிர் விடத் துணிந்தார் திலகவதியார். தம்பி அவர் காலில் விழுந்து அழுதார். நீங்கள் போவதானால் உங்களுக்கு முன்னே நான் போவேன் என்றார். தம்பி வாழவேண்டும் என்ற ஒன்றுக்காகத் திலகவதியார் உயிர் தாங்கினார். பொன்னணி துறந்து, எல்லா உயிர்களிடத்தும் அருள் பூண்டு, அந்த வீட்டைக் காத்தார்.

பின்னாளில் தமிழுக்குத் தேவாரம் தந்த வாக்கு, ஒரு பெண் தனக்கென எதையும் வேண்டாமல் வாழ்ந்ததால் நமக்குக் கிடைத்தது. இத்தகைய திலகவதிகள் இன்றும் பல குடும்பங்களில் இருக்கிறார்கள். தம்பி தங்கையரைப் படிக்க வைக்கத் தன் திருமணத்தைத் தள்ளிப் போட்டுப் பின் அதை மறந்தேவிட்ட அக்காள். இளமையில் கணவனை இழந்து அண்ணன் பிள்ளைகளை வளர்த்த அத்தை. அவர்கள் கட்டிக்காத்த வீட்டில், முதுமையில் அவர்களுடைய கட்டில் எந்த மூலையில் கிடக்கிறது? அவர்களுடைய கண் சிகிச்சை யாருடைய பொறுப்பு? சொத்துப் பிரிக்கும் நாளில் அவர்கள் பெயர் நினைவுக்கு வருகிறதா? குருபூசை நாளில் நாவுக்கரசருக்குப் பொங்கல் படைக்கும் குடும்பம், தன் வீட்டுத் திலகவதிக்கும் அந்தப் பொங்கலை முதலில் பரிமாறினால் அப்பூசை நிறைவுபெறும்.

மருணீக்கியார் இளமையிலேயே அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தல்களும் அமைத்தவர். நிலையாமையை உணர்ந்து மெய்ப்பொருளைத் தேடிச் சமண நெறியில் சேர்ந்தார்; பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்ற பெயருடன் தலைமை பெற்று விளங்கினார். தமக்கையாரோ கெடிலக் கரையிலுள்ள திருவதிகைக்குச் சென்று, வைகறையில் எழுந்து, வீரட்டானேசுவரர் திருமுற்றத்தை அலகிட்டு மெழுகி, மாலை தொடுத்து, தம்பி திரும்பவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

சூலை நோய் பற்றியது. அங்கே அறிந்த மந்திரமும் மருந்தும் பயன் தரவில்லை. தாங்க முடியாத வலியில் தருமசேனருக்கு நினைவு வந்தவர் தமக்கையாரே. சமையற்காரன் வழியே செய்தி அனுப்பினார். நான் அங்கு வர இயலாது என்று தமக்கையார் விடை அனுப்பினார். ஆனால் ஓர் இரவில் தம்பியே தளர்ந்த நடையுடன் வாசலில் வந்து விழுந்தபோது, இத்தனை ஆண்டுகள் எங்கே போனாய் என்று அவர் கணக்குக் கேட்கவில்லை. 'அன்றே சொன்னேன்' என்று குத்திக்காட்டவும் இல்லை. இறைவன் அருளை நினைந்து எழுந்திரு என்றார். திருநீறு அளித்தார். அலகும் மெழுக்குக்கு வேண்டியவையும் எடுத்துக்கொண்டு, தம் அன்றாடத் தொண்டுக்குப் புறப்பட்டபோதே தம்பியையும் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே முதல் பதிகம் பிறந்தது, நோய் நீங்கியது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிக்கு மருந்துச்சீட்டில் எழுதப்படாத மருந்து ஒன்று உண்டு. பழங்கணக்கை எடுக்காத நாவுதான் அம்மருந்து. பிணங்கிப் போன மகனாகட்டும், விருப்பத்துக்கு மாறாக மணந்துகொண்ட மகளாகட்டும், உடல் நலிந்து வாசலுக்கு வரும் நாளில் திலகவதியாரை நினைத்துக் கதவைத் திறக்கவேண்டும்.

வாழையிலையும் பாம்பும்

மீண்டும் திங்களூருக்கு வருவோம். வந்தவர் யாரென்று உணர்ந்த அப்பூதியார் ஆனந்தக் கூத்தாடினார். வீடே விழாக்கோலம் கொண்டது. அம்மையார் அறுசுவை அமுது சமைத்தார். மூத்த திருநாவுக்கரசு இலை அரியத் தோட்டத்துக்கு ஓடினான். வாழைக் குருத்தை அரியும்போது பாம்பு கையில் தீண்டியது. அடியவர் உணவுக்குத் தாமதம் நேரலாகாது என்று சிறுவன் ஓடி வந்தான். இலையைத் தாயிடம் கொடுத்துவிட்டு விழுந்தான், உயிர் நீங்கியது.

பெற்றோர் துடித்தார்கள். ஆயினும், இதை அறிந்தால் அடியவர் உண்ணமாட்டார் என்று அஞ்சி, மகனுடைய உடலைப் பாயில் சுற்றி முற்றத்தின் ஒருபுறம் மறைத்து வைத்தார்கள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் வந்து நின்றார்கள்.

கதைப்பிரசங்கத்தில் இவ்விடத்தைக் கேட்கும் பாட்டிமார்கள் கலங்கிப் போவார்கள். பெற்ற பிள்ளை பாய்க்குள் கிடக்கும்போது விருந்து பரிமாறுவது பக்தியா என்று உள்ளம் கேட்கும். அந்தக் கேள்வி பிழையன்று. நாவுக்கரசரின் செயலிலேயே அதற்குரிய விடை கிடைக்கிறது.

அமுதுக்கு அமர்ந்த அவர், எல்லோருக்கும் திருநீறு அளிக்க விரும்பி மூத்த பிள்ளையை அழைக்கச் சொன்னார். அவன் இப்போது உதவமாட்டான் என்று தந்தையார் மழுப்பினார். அச்சொல்லைக் கேட்டதும் நாவுக்கரசரின் உள்ளத்தில் ஒரு தடுமாற்றம் தோன்றியது. உண்மையைச் சொல்லுக என்றார். நடந்ததைக் கேட்டபின், அந்த அன்பைக் கண்டு வியந்தாரேயன்றி இலைமுன் அமர்ந்திருக்கவில்லை. எழுந்தார், பிள்ளையின் உடலோடு திருக்கோயில் முன் சென்று பதிகம் பாடினார். உறங்கி எழுபவன்போல் சிறுவன் எழுந்தான். 'விடந்தீர்த்த திருப்பதிகம்' என்று அதைப் போற்றுகிறோம். எழுந்த மகனைக் கண்டபோதும், அடியவர் அமுது செய்வதற்கு இவனால் இடையூறு நேர்ந்ததே என்று பெற்றோர் மனம் நொந்தார்கள் என்கிறார் சேக்கிழார்.

பெற்றோர் அடியவரை முதலில் வைத்தார்கள். அடியவரோ பிள்ளையை முதலில் வைத்தார். வீட்டின் துயரை மறைத்து நடத்தும் விருந்தை அவர் ஏற்கவில்லை. ஒரு வீட்டில் கண்ணீர் பாய்க்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்குமானால், அதைக் கேட்டறிந்து துடைத்த பிறகே இலைமுன் அமர்வது என்பது அவர் காட்டிய நெறி. பூசை நேரத்தில் இருமும் மாமியார், திருவிழா நாளில் காய்ச்சலோடு அடுப்படியில் நிற்கும் மருமகள், தேர்வில் தோற்று அறைக்குள் முடங்கிய பேரன் என இன்றைய வீடுகளிலும் பாய்கள் சுருட்டியே கிடக்கின்றன. 'மூத்த பிள்ளை எங்கே?' என்று கேட்கும் ஒரு குரல் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டும். அதைக் கேட்கும் உரிமை பெரியவர்களுக்கு உண்டு.

பின்பு நிகழ்ந்ததும் குறிப்பிடத் தக்கது. அப்பூதியாரையும் அவர் மைந்தரையும் தம் அருகில் அமரச் செய்து நாவுக்கரசர் அமுது செய்தார், அம்மையார் பரிமாறினார். வேளாளரும் அந்தணரும் ஒரே வரிசையில் உண்ட அந்தக் காட்சியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் மகிழ்ந்து பாடியிருக்கிறார். பின்னர்த் திருப்பழனத்துப் பதிகத்தில் அப்பூதியாரின் பெயரை நாவுக்கரசரும் பொறித்து வைத்தார்.

நஞ்சை முறிக்கும் கைகள்

பதிகத்தின் அற்புதத்தை நம்பும் அடியவர்கள் ஒன்றை மறத்தலாகாது. அன்று அப்பூதியார் மறைத்தார், காலம் கடந்தது. இன்று பாம்பு தீண்டினால் மறைக்கவும் கூடாது, தாமதிக்கவும் கூடாது. கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவை தீங்கு செய்யும். கடிபட்டவரை அச்சுறுத்தாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108 ஊர்தியை அழைத்து நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு சேர்க்க வேண்டும். வழியில் நாவு பதிகம் ஓதட்டும். வண்டி மருத்துவமனை நோக்கியே ஓடட்டும்.

அந்த நஞ்சுமுறி மருந்தின் பின்னே ஒரு சமூகத்தின் வரலாறு இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, மிகச் சிறிய அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து அம்மருந்தைத் தயாரிக்கிறார்கள். அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியை நாட்டுக்கு அளித்து வந்தவர்கள் இருளர் பழங்குடியினர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வாணிகம் நின்றது. அதை நம்பியிருந்த இருளர்கள் பிழைப்பு இழந்தார்கள். 1978இல் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுவது அவர்கள் தொழிலாயிற்று. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் குடும்பத்தோடு கூடித் தங்கள் குலதெய்வமான கன்னியம்மனை வழிபடுவார்கள். நம் பேரப்பிள்ளையின் உயிரைக் காக்கும் மருந்தில் அவர்கள் கையுழைப்பு கலந்திருக்கிறது. அத்தகையவர் நம் வாசலுக்கு வந்தால் திண்ணைக்கு மேல் அவருக்கு இடம் உண்டா என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பூதியார் வீட்டில் இடம் இருந்திருக்கும்.

வாசி இல்லாக் காசு

நாவுக்கரசர் வரலாற்றில் இன்னுமொரு காட்சி. திருவீழிமிழலையில் அவரும் திருஞானசம்பந்தரும் தங்கியிருந்தபோது மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அடியவர்கள் பசியால் வாடினார்கள். வீழிநாதர் நாள்தோறும் இருவருக்கும் ஒவ்வொரு பொற்காசு அளித்தார். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கும் மேற்குப் பீடத்தில் நாவுக்கரசருக்கும் படிக்காசு கிடைத்தது. இருவரும் தத்தம் மடங்களில் அடியவரை அழைத்து அமுதளித்தார்கள்.

ஆனால் நாவுக்கரசர் மடத்தில் உரிய நேரத்தில் பந்தி நடக்க, சம்பந்தர் மடத்தில் தாமதமாயிற்று. காரணத்தை வினவினார் சம்பந்தர். அவர் பெற்ற காசுக்கு வாசி உண்டு, அதாவது மாற்றுக் குறைந்தது என்று வணிகர் வட்டம் பிடிக்கிறார்கள். அதை மாற்றிப் பண்டம் வாங்க நேரமாகிறது. நாவுக்கரசர் காசுக்கோ வாசி இல்லை என்றார்கள் சமையலாளர்கள். சம்பந்தர் உடனே உணர்ந்தார்: நாவுக்கரசர் பாடுவதோடு நில்லாமல் கையால் தொண்டும் செய்கிறார், அதனால் அவருக்கு முழு மாற்றுக் காசு. பின் வாசி தீருமாறு ஈசனைப் பாடினார். மறுநாள் முதல் அவருக்கும் நற்காசு கிடைத்தது.

பாட்டும் பக்தியே. ஆயினும், உழவாரப் படை ஏந்திப் புல் செதுக்கிய கைக்கு ஒரு மாற்று அதிகம் என்று இக்கதை சொல்கிறது. சம்பந்தரின் கவலையும் தம் காசின் மதிப்பைப் பற்றியதன்று. பசித்தவர் காத்திருக்க நேர்ந்ததே என்பதுதான். உரிய நேரத்தில் கிட்டாத சோறு குறைந்த மாற்றுக் காசுதான். மாதச் சம்பளத்தைப் பத்து நாள் தள்ளி, அதிலும் விடுப்புக்குப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பணிப்பெண்ணிடம் கொடுப்பவர் கொடுக்கும் காசுக்கும் வாசி உண்டு. காவலாளிக்கு நெளிந்த தட்டில், மீந்த சோற்றை நீட்டுவதிலும் வாசி உண்டு. மறுநாள் காலை கோயில் உண்டியலில் இடும் தொகை அந்த வாசியைத் தீர்க்காது.

வாசலில் தொடங்கும் தொண்டு

தம் குலத்தார் முகம் சுளிப்பார்களே என்று அஞ்சாமல் பந்தலில் பெயர் எழுதிய துணிவு திங்களூரோடு முடிந்துவிடவில்லை. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், மதுரையில் வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர், அதுவரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத மக்களைச் சேர்ந்த சிலரை அழைத்துக்கொண்டு ஆலயப் பிரவேசம் செய்தார். அவர்களுள் ஒருவர் பின்னாளில் அமைச்சராகி எளிமைக்குப் பெயர் பெற்ற பி. கக்கன். அன்னையின் சந்நிதி அவர்களுக்குத் திறந்த நாள் அது. அதற்காக வைத்தியநாத ஐயர் சுற்றத்தாரின் வசைகளைப் பொறுத்துக்கொண்டார். இன்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்று மீனாட்சியைத் தரிசிப்பதற்குப் பின்னே அத்தகையோரின் துணிவும், வாசலில் காத்திருந்தோரின் பொறுமையும் இருக்கின்றன. அந்த வரிசையில் முன்னால் நிற்பவர் யாரென்று கேளாமல் நிற்பதும் ஒரு வழிபாடுதான்.

முதுமை வந்துவிட்டது, இனி என்ன தொண்டு செய்ய முடியும் என்று எண்ணுவோர் உண்டு. நாவுக்கரசர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. திருப்புகலூரில் நிறைவு எய்தும் காலத்திலும் அவர் கையில் உழவாரம் இருந்தது. செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் தோன்றியபோது, பருக்கைக்கல்லோடு சேர்த்து அவற்றையும் குளத்தில் எறிந்துவிட்டுப் புல் செதுக்கலைத் தொடர்ந்தார்.

உழவாரம் ஏந்த முடியாத கைகள் ஒரு மண்பானையைத் துடைத்து வைக்க முடியும். தை மாதச் சதயம் அப்பூதியாரின் குருபூசை நாள். சித்திரைச் சதயம் நாவுக்கரசரின் குருபூசை நாள். சித்திரை வெயிலில் தெருவைப் பெருக்குபவர், பொதி சுமப்பவர், வீடு வீடாகப் பொருள் கொண்டு தரும் இளைஞர் எனப் பலர் வியர்வையோடு நம் வாசலைக் கடக்கிறார்கள். வாசற்படியோரம் நிழலில் ஒரு பானை. அதில் நாள்தோறும் மாற்றிய நல்ல நீர். வீட்டாரும் வருவோரும் குடிப்பதற்கு ஒரே வகையான குவளைகள். நீர் மாற்றும் பொறுப்பைப் பேரனிடம் கொடுத்து, யாருடைய பெயரால் இந்தப் பானை என்று அவன் கேட்கும்போது திங்களூர்க் கதையைச் சொல்லலாம்.

பானையின் மேல் பெயர் எழுதத்தான் வேண்டுமென்றால், எழுதவேண்டிய பெயர் அப்பூதியாருக்குத் தெரியும்.

திருச்சிற்றம்பலம்.